சோலை வரியும் வாசிகசாலையும்

உள்ளூராட்சி சபையொன்றின் வரவு செலவுத் திட்டத்தில் கத்தி வைக்க நேரும்போது முதலில் விழுவது வாசிகசாலைக்கும் கலை விழாவுக்கும் உரிய தொகைதான். வடிகான் அடைத்துக்கொண்டால் மறுநாளே ஊர் திரண்டு சபைக்குப் போகும். புத்தகம் வாங்கவில்லை என்று எவரும் போவதில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடு சாம்பலான தொண்ணூற்றேழாயிரம் நூல்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். அது பேசப்பட வேண்டியதே. ஆனால் அந்த நூல்கள் அங்கு வந்து சேர்ந்த வழியும் ஒரு வரலாறுதான். 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு வாசிகசாலையாகத் திறக்கப்பட்டது. 1935 ஜனவரியில் நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. என் பார்வையில் பெரிய திருப்பம் இதுதான். நன்கொடையாளரின் தயவில் நின்ற ஒன்று, வரி செலுத்துவோர் கேட்கக்கூடிய உரிமையாக மாறியது. பின்னர் புதிய கட்டடத்துக்குச் சபையின் வருமானம் போதாமல் காணிவேல் நடத்தியும் பணம் திரட்டினார்கள். இந்தியாவின் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார், நரசிம்மன் வரைபடம் வரைந்தார், 1959 ஒக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார்.

அந்த ரங்கநாதனின் உழைப்பில்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படும். அது நூலகத்துக்கு மட்டுமே உரியது. வசூலித்ததை நூலகத் துறைக்குச் செலுத்தாமல் வைத்திருக்கும் உள்ளாட்சிகள் அங்கும் உண்டு. ஆனாலும் அது கடன் என்று பதிவில் நிற்கிறது. எமது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வாசிகசாலை நடத்த அதிகாரம் தருகிறது. தனி வரி தரவில்லை. சோலை வரியில் மிஞ்சினால் உண்டு.

மிஞ்சுவதற்கு வரி செலுத்த ஆட்கள் வேண்டுமே! 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் உட்பட மன்னார்த் தீவின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கடல்வழியே கற்பிட்டிக்குப் போனவர்களில் எவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்? பலரின் வாக்கு நீண்ட காலம் மன்னாரிலும் வாழ்க்கை புத்தளத்திலும் கிடந்தன. மன்னாரில் அவர்கள் வாக்காளர், ஆனால் வாசகர் அல்லர். புத்தளத்தில் வாசகர், ஆனால் வாக்காளர் அல்லர். எந்தச் சபை அவர்களுக்காக நூல் வாங்கும்?

மீள்குடியேறிய பிறகு வந்தது வேறு விதமான வெட்டு. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து தாளின் விலை ஏறியது. ஒதுக்கீட்டில் ஒரு சதத்தைக் கூடக் குறைக்காமலேயே வாங்கும் நூல்களின் எண்ணிக்கை குறையும் காலம் அது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் செயலாளர்களே நிர்வகித்தார்கள். வாசிகசாலைக்காக எழுந்து பேச ஓர் உறுப்பினரும் இல்லை.

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவிட்டீர்கள் என்று எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.