இருபது பவுன் சாவி

கணக்குப் புத்தகத்தைப் போல உப்புச் சப்பில்லாத வாசிப்பு வேறு கிடையாது என்பது நம்மில் பெரும்பாலோர் கருத்து. எனக்கும் அப்படித்தான். ஆனால், ஒருவன் தன் கணக்குப் புத்தகத்தைத் தானே அடுப்பில் போட்டு எரித்தான் என்று கேள்விப்பட்டால், கதை எழுதுகிறவனால் சும்மா இருக்க முடிகிறதா? அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் யார்க் என்று ஒரு பழைய நகரம். அதன் பெரிய மனிதர்கள் 1772ஆம் வருஷத்தில் கூடிப் பேசி, சித்தஸ்வாதீனமற்ற ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதென்று தீர்மானித்தார்கள். ஊரார் சந்தா கொடுத்தார்கள். கட்டிடக் கலைஞர் ஜான் கார் அழகான மாளிகை ஒன்றை எழுப்பினார். 1777ல் கதவு திறந்தது. இருபது பவுன் நன்கொடை கொடுத்தால் யாரும் தர்மகர்த்தா ஆகலாம் என்பது விதி. ஆர்ச்பிஷப் முதற்கொண்டு தர்மகர்த்தாக்கள். இதைவிடக் கௌரவமான ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்க முடியுமா?

கௌரவம் அதிகமாக இருந்ததுதான் வினை. வருஷத்துக்குச் சில தடவை கூடுவார்கள். வைத்தியர் வாசிக்கும் அறிக்கையைக் கேட்பார்கள். வந்தனம் கூறிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வைத்தியர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1809ல் இறக்கும் வரையில் அங்கே அவர் வைத்ததே சட்டம். ஏழைகளுக்கென்று கட்டின இடத்தில் பணக்கார நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. அவர்களிடமிருந்து வரும் லாபம் ஏழைகளின் செலவுக்கு உதவும் என்பது சமாதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! வில்லியம் மேஸன் என்ற பாதிரியார், கவிஞரும்கூட, இது சரியில்லை என்று 1788ல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஊரில் யாரும் அசையவில்லை.

1790ல் ஹன்னா மில்ஸ் என்ற விதவை அங்கே சேர்க்கப்பட்டாள். அவள் குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவள். அந்தப் பிரிவினர் அவளைப் பார்க்கப் போனபோது, இப்போது பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் அவள் இறந்துபோனாள். என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. வில்லியம் ட்யூக் என்ற தேயிலை வியாபாரி இதைக் கேட்டு மனம் நொந்து, தம் சமூகத்தாருக்கென்று தனியாக ஓர் இல்லம் ஆரம்பித்தார். 1796ல் திறந்த அந்த 'ரிட்ரீட்'டில் அன்பான பேச்சும், தோட்ட வேலையும், வேளா வேளைக்கு நல்ல சாப்பாடுமே பிரதான வைத்தியம். அவருடைய பேரர் ஸாமுவேல் ட்யூக் 1813ல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஆஸ்பத்திரியைப் பற்றி நேரடியாகக் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஹண்டருக்குப் பின் வந்த வைத்தியர் சார்லஸ் பெஸ்டுக்குக் கோபம் வந்துவிட்டது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பேசாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சமயத்தில்தான் காட்ஃப்ரே ஹிக்கின்ஸ் வருகிறார். டான்காஸ்டர் பக்கத்தில் மாஜிஸ்திரேட். பிற்காலத்தில் மதங்களின் மூலத்தைத் தேடி இந்தியா, எகிப்து என்று ஏட்டிலேயே அலைந்து இரண்டு தடித்த வால்யூம்கள் எழுதிவைத்த விசித்திரப் பிறவி. அவர் ஓர் ஏழையை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். அவன் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் சிரங்கு, பேன், சவுக்கடித் தழும்பு. ஹிக்கின்ஸ் விஷயத்தைப் பகிரங்கப்படுத்தினார். தர்மகர்த்தாக்கள் விசாரித்து, அவன் நல்ல முறையில்தான் நடத்தப்பட்டான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இங்கேதான் ஹிக்கின்ஸின் சாமர்த்தியம். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இருபது பவுன் கொடுத்தால் தர்மகர்த்தா! அவரும், ஸாமுவேல் ட்யூக்கும், இன்னும் ஒரு டஜன் பேர் வரையிலும் ஆளுக்கு இருபது பவுனைக் கட்டினார்கள். 1813 டிஸம்பரில் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து, விசாரணைக் கமிட்டி வேண்டுமென்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு இல்லையென்று சொல்ல முடியுமா?

அதே மாதம் 28ஆம் தேதி ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. வைத்தியர் ஊரில் இல்லை. காவல்காரர்களில் சிலர் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போயிருந்தார்கள். நான்கு நோயாளிகள் மாண்டார்கள்.

1814 மார்ச்சில் ஒருநாள் ஹிக்கின்ஸ் முன்னறிவிப்பு இல்லாமல் போனார். எல்லா அறைகளையும் காட்டினார்கள். சமையலறைப் பக்கம் ஒரு கதவு மட்டும் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றார். காணவில்லை என்றார்கள். அப்படியானால் அடுப்பங்கரையில் கிடக்கிற இரும்புக் கம்பியே தமக்குச் சாவி என்று ஹிக்கின்ஸ் சொன்னார். உடனே சாவி கிடைத்துவிட்டது!

உள்ளே எட்டடிச் சதுரமாக நான்கு கொட்டடிகள். சுவரெல்லாம் மலம், நனைந்து அழுகிய வைக்கோல், காற்றுத் துவாரங்கள்கூடப் பாதி அடைபட்டிருந்தன. முன்தின இரவு அங்கே படுத்திருந்த பெண்களைப் பார்க்க வேண்டும் என்றார். மாடியில் ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார்கள். பன்னிரண்டடி நீளம், எட்டடிக்குச் சற்றுக் குறைவான அகலம். அதில் பதின்மூன்று பெண்கள். நாற்றம் தாங்காமல் ஹிக்கின்ஸுக்குக் குமட்டிவிட்டது. மேலே நிற்க முடியாமல் வெளியே வந்தார். இதையெல்லாம் 1815ல் பாராளுமன்றக் கமிட்டியின் முன் அவரே சாட்சியமாகச் சொன்னார்.

கதவு திறந்த பிறகு பெட்டியும் திறந்தது. கணக்குகள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தன: ஒன்று தர்மகர்த்தாக்களின் பார்வைக்கு, மற்றொன்று உள்ளே இருப்பவர்களுக்கு. வசதியுள்ள நோயாளிகள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வைத்தியரின் பைக்குப் போயிருந்தது. இறந்தவர்கள் 221 பேர் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். தேடிப் பார்த்ததில் 365 என்று தெரிந்தது. நூற்று நாற்பத்து நான்கு மனிதர்கள்! பணம் குறைந்தால் திருட்டு என்கிறோம். சாவு குறைந்தால் அதற்கு என்ன பெயர்? கணக்கைக் கொண்டுவா என்றபோதுதான் மேனேஜர் தம் புத்தகங்களை நெருப்பில் போட்டார். ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டதாக அவர் காரணம் சொன்னார்.

சிப்பந்திகள் அத்தனை பேரையும் நீக்கினார்கள். பெஸ்ட் பிறகு ராஜிநாமாச் செய்தார். தர்மகர்த்தாக்கள் முறைவைத்து நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஊர் வரியிலிருந்து மனநோய் ஆஸ்பத்திரி கட்ட 1808லேயே சட்டம் அனுமதித்திருந்தது. அதன்படி, ஹிக்கின்ஸின் முயற்சியும் சேர்ந்து, வேக்ஃபீல்டில் 1818ல் ஒன்று திறக்கப்பட்டது. ட்யூக் குடும்பத்தாரிடம் யோசனை கேட்டுக் கட்டியது அது.

யார்க்கில் அந்தப் பழைய மாளிகை இருநூற்று முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியாகவே இருந்தது. 2015 செப்டம்பரில் அரசாங்க இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். இவர்கள் இருபது பவுன் கட்ட வேண்டியதில்லை. அடுப்பங்கரைக் கம்பியும் வேண்டியதில்லை. கட்டிடம் நோயாளிகளுக்குப் பாதுகாப்பானதல்ல என்று எழுதினார்கள். சில நாட்களுக்குள், அக்டோபர் முதல் தேதி, கதவு மூடப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் சிலரைத் தூரத்து மிடில்ஸ்பரோவுக்கு வண்டியேற்றி அனுப்பினார்கள். இவ்வளவு அவசரம் ஏன் என்று அவர்களுடைய குடும்பத்தார் கேட்டார்கள்.