தரகும் வாக்கும்

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் முதலிய ஊர்களிலும் சூழ்ந்துள்ள தோட்டங்களிலும் பிறந்த நம் வாலிபரிற் சிலர் புதுத் தொழிலொன்றில் இறங்கக் காண்கிறோம். வலைப்பதிவு எழுதி, அதிற் பிறருடைய சரக்கை எடுத்துரைத்து, அவ்வழியே சென்று வாங்குவோர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கைத் தரகாகப் பெறுவதே அத்தொழில். அமேசான் கம்பெனி 1996-இல் இம்முறையைக் கைக்கொண்டபின் அது உலகெங்கும் பரவிற்று. இதிற் புகுந்தவர் முதலிற் கற்பது பணிவேயாகும். பத்துக் கட்டுரை எழுதிவிட்டு நள்ளிரவிற் கணக்கைத் திறந்து பார்த்தால், வந்து போனவர் நால்வர். அந்நால்வரில் மூவர் வீட்டார். தரகோ ஒரு காசுமில்லை.

இதற்கு நாணவேண்டுவதில்லை. மலாக்காவுக்கு ரப்பர் வந்த வரலாறும் இத்தகையதே. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு அதிகாரியாக வந்த ஹென்றி ரிட்லி என்னும் ஆங்கிலேயர், ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, கண்ட தோட்ட முதலாளிகளிடமெல்லாம் நடுமாறு வேண்டினார். காப்பியிலும் மரவள்ளியிலும் கண்ணாயிருந்தோர் அவரைப் பைத்தியக்காரர் என்று எள்ளினர். எட்டாண்டு கழிந்து, 1896-இல், மலாக்காச் சீனரான டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அம்மரத்தை நட்டார். மலாயாவில் வாணிகத்திற்கென எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதுவரை ரிட்லி வாளாவிருக்கவில்லை. மரத்தைக் கொல்லாமல், வெட்டிய வாயையே மெல்லச் சீவிப் பாலெடுக்கும் வகையைத் தம் பொறுப்பிலிருந்த மரங்களிலே சோதித்து வந்தார். தாம் கையால் தொட்டறிந்ததையே பிறருக்குக் கூறினார்.

மரம் பெருகவே, பால் வெட்ட ஆள் வேண்டியதாயிற்று. அப்போது பெருகினவர் வேறு வகைத் தரகர். கங்காணி அனுமதிச் சீட்டோடு தம் சொந்தக் கிராமத்திற்கே திரும்பிச் சென்று, மாமன் மச்சானிடமும் தெருவாரிடமும் பேசினார். அவர்கள் கப்பலேறியது ரப்பரை நம்பியன்று, துரையை நம்பியுமன்று. நம் ஊரான் சொல்கிறான் என்று நம்பியே. கொண்டுவந்த ஆளுக்கு இவ்வளவு என்று தரகு. பின்னும், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் தலைக்காசு. (காய்ச்சலிற் கிடந்தவனையும் லயத்திலிருந்து எழுப்பி விரட்டிய கங்காணிகளின் கணக்கு இதனால் விளங்கும்.) கங்காணிகள் யாவரும் கொடியவர் என்று நாம் சொல்லோம், தம் ஆட்களுக்காகத் துரையோடு வழக்காடியவரும் உண்டு. ஆனால், மலேரியாவையும் கடனையும் பற்றி ஊரில் வாய் திறந்தால் ஆள் கிடைக்காது. ஆள் கிடைக்காவிடில் தரகு கிடைக்காது. சொல்லாமல் விட்டது இன்னதென்பதைக் கூலியாள் கடல் கடந்த பிறகே கண்டான். 1938-இல் இந்திய அரசாங்கம் இத்தகைய தொழிலாளரை உதவிப் பணத்தில் அனுப்புவதைத் தடை செய்தபோதுதான் ஆள் சேர்க்கும் தொழில் ஓய்ந்தது.

அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகளிடம் இன்று சிலர் வந்து, முதலிற் பயிற்சிக் கட்டணம் கட்டு, பிறகு நீ நால்வரைச் சேர், மாதந்தோறும் பணம் கொட்டும் என்று ஆசை காட்டும்போது, நமக்குத் தலைக்காசின் நினைவே வருகிறது. சரக்கு விற்றதற்குப் பெறும் தரகு வேறு. ஆள் சேர்த்ததற்குப் பெறும் தரகு வேறு. பின்னதையே ஆதாயமாகக் கொண்ட பிரமிட் திட்டங்களை, மலேசியாவின் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம், பின்வந்த திருத்தத்தோடு, குற்றமாக்கியுள்ளது. வாசகர் வாராத மாதங்களைச் சரக்கை வாங்கிப் பார்த்து அறிவதற்கும், தாம் தரகு பெறுவதை மறையாது எழுதிப் பழகுவதற்கும் செலவிடுகிற வாலிபரோ ரிட்லியின் வழியினர். அவர் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்.

தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஒரு தடை இருந்தது. விளம்பர வருவாயை எழுதுவோருக்குப் பங்கிடும் கூகுளின் ஆட்சென்ஸ் ஏற்பாடு 2003-இல் தோன்றியது. தமிழ் வலைப்பதிவுகளும் அக்காலத்தே தலையெடுத்தன. ஆயினும் அவ்வேற்பாட்டில் தமிழ் முறைப்படி சேர்க்கப்பட்டது 2018-இலேதான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டும் நம்மவர் நூல்களையும், திரைப்படங்களையும், சமையலையும் பற்றிக் குறை நிறை இரண்டும் கூறி எழுதிக் குவித்தனர். அவர்களுள் மிகப் பலருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.