மடைமாறும் கணம்: அரை இருவழித் தொடர்பில் திசைமாற்றக் காலம்

1. ஆய்வுப் பொருள்

ஒரே கம்பி இணையில் இரண்டு மைக்ரோகண்ட்ரோலர்கள் மாறி மாறிப் பேசிக்கொள்வது அரை இருவழித் தொடர்பு. இரண்டுக்கும் பேசவும் தெரியும், கேட்கவும் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டும் பேசத்தான் வழியில்லை. முழு இருவழித் தொடர்பில் போகும் கம்பி வேறு, வரும் கம்பி வேறு என்பதால் இந்தக் கட்டுப்பாடு அங்கே இல்லை.

முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு இதன் இலக்கணம் உடனே விளங்கும். ஒரே வாய்க்காலில் முறை வைத்து நீர் பாயும்போது, தன் முறை முடிந்தவர் மடையை அடைத்த பிறகே அடுத்தவர் திறக்க வேண்டும். முந்தி அடைத்தால் கடைசிப் பாத்தி காயும். பிந்தி அடைத்தால் அடுத்தவர் பங்கு குறையும். அரை இருவழித் தொடர்பில் பழுது என்று வருபவற்றில் பெரும்பாலானவை தரவை அனுப்புவதில் பிறப்பவை அல்ல, இந்த மடையை மாற்றுவதில் பிறப்பவை என்பதே இக்கட்டுரையின் வாதம். எடுத்துக்காட்டாக, தொழிற்சாலைகளில் பரவலாக இருக்கும் ஆர்எஸ்-485 கம்பியையும் அதன்மேல் ஓடும் மோட்பஸ் நெறிமுறையையும் எடுத்துக்கொள்கிறேன்.

2. கம்பியும் அதன் விதிகளும்

ஆர்எஸ்-485 தரம் 1983-இல் வெளிவந்தது. முறுக்கிய இரு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடுதான் இதில் செய்தி. அனுப்பும் சில்லு குறைந்தது 1.5 வோல்ட் வேறுபாட்டைத் தர வேண்டும். பெறும் சில்லு 0.2 வோல்ட் வேறுபாட்டையே புரிந்துகொள்ள வேண்டும். இடையில் இருக்கும் இந்தத் தாராளம்தான், நொடிக்கு ஒரு லட்சம் பிட் வேகம் வரை சுமார் 1200 மீட்டர் தொலைவைக் கடக்க வைக்கிறது. கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை பூட்டப்படும். ஒரு கம்பியில் 32 அலகுச் சுமைகள் வரை தொங்கலாம்.

பெயரிடலில் ஒரு சங்கடம் உண்டு. தரத்தில் ‘ஏ’ என்று குறிக்கப்பட்ட கம்பியும், பல சில்லுத் தயாரிப்பாளர்கள் ‘ஏ’ என்று அச்சிடும் காலும் எதிரெதிரானவை. அதனால் இரு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும்போது எழுத்தை நம்பாமல், ஓய்வு நிலையில் எந்தக் கம்பி நேர்மின் பக்கம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பதே சரி.

இந்தத் தரம் மின்னியலை மட்டுமே வரையறுக்கிறது. யார் பேசுவது, எப்போது நிறுத்துவது, பதில் வர எவ்வளவு நேரம் பொறுப்பது என்பவற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுபவரிடம் வந்து சேர்கிறது.

3. மடை அடைக்கும் கணம்

3.1. முந்தி அடைத்தல்

மேக்ஸ்485 போன்ற எட்டுக்கால் சில்லில் ‘டிஇ’ என்றொரு கால் உண்டு. அதை உயர்த்தினால் சில்லு கம்பியை இயக்கும்; தாழ்த்தினால் கம்பியை விட்டுவிடும். மைக்ரோகண்ட்ரோலர் அந்தக் காலை உயர்த்தி, பைட்டுகளை அனுப்பி, பிறகு தாழ்த்த வேண்டும். வேலை அவ்வளவுதான். ‘பிறகு’ என்பது எப்போது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஏடிமெகா328பி-யின் தொடர்த்தொடர்பு அலகில் இரண்டு நிலைகள் உள்ளன. நிரல் எழுதும் பைட் முதலில் தாங்கல் பதிவகத்தில் விழுகிறது. அங்கிருந்து நகர்வுப் பதிவகத்துக்குப் போய், ஒவ்வொரு பிட்டாக வெளியேறுகிறது. தாங்கல் காலியானதும் ஒரு கொடி எழும். நகர்வுப் பதிவகமும் காலியானதும் வேறொரு கொடி எழும். தரவுத்தாளில் முதலாவதன் பெயர் யுடிஆர்இ, இரண்டாவதன் பெயர் டிஎக்ஸ்சி. முதல் கொடியைப் பார்த்து ‘அனுப்பி முடித்துவிட்டோம்’ என்று மடையை அடைப்பவர்கள் ஏராளம். அந்தக் கணத்தில் கடைசி பைட் அப்போதுதான் கிளம்பியிருக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், பத்து பிட் கொண்ட அந்த பைட் வெளியேற இன்னும் 1.04 மில்லிநொடி தேவை.

மோட்பஸ் செய்தியின் கடைசி இரண்டு பைட்டுகள் பிழைகாணும் எண். கடைசி பைட் அறுந்தால் பெறும் கருவிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. முழுச் செய்தியையும் அது வாயைத் திறக்காமல் தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மின் இரைச்சல் போலவே தோன்றும். கேபிளை மாற்றுவார்கள், கவசக் கம்பி போடுவார்கள், வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். வேகத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும்! நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோநொடி போதும். நிரலின் சொந்தத் தாமதமே சில வேளைகளில் அதை மூடி மறைத்துவிடும். 9600-இல் மறைக்க முடியாது. வேகம் குறையக் குறையப் பழுது கூடினால், சந்தேகம் கேபிள்மேல் அல்ல, கொடியின்மேல் விழ வேண்டும்.

டிஎக்ஸ்சி கொடியை நம்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்டர்ரப்ட் வழியே கையாண்டால் அது தானே இறங்கும். நிரல் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தால், முந்தைய செய்திக்கு எழுந்த கொடி இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். அனுப்பத் தொடங்கும் முன் அதில் 1 எழுதி இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய செய்தி பழைய கொடியால் அறுபடும்.

3.2. பிந்தி அடைத்தல்

முதல் தவறுக்குப் பலர் கண்ட மருந்து, அனுப்பியதும் பத்து மில்லிநொடி காத்திருந்து மடையை அடைப்பது. இதை நான் மருந்தாக ஏற்கவில்லை. எதிர்முனைக் கருவி நான்கு மில்லிநொடியில் பதில் தந்தால், அந்தப் பதிலின் முதல் பைட்டுகள் வரும்போது இரண்டு சில்லுகளும் கம்பியை எதிரெதிராக இழுத்துக்கொண்டிருக்கும். ஆர்எஸ்-485 சில்லுகளில் மின்னோட்ட வரம்பு உள்ளதால் உடனே எரிந்துபோவதில்லை. ஆனால் செய்தி கெட்டுவிடும். இதைவிடக் கொடியது, இப்பழுது உடனே வெளிப்படாதது. மெதுவாகப் பதில் சொல்லும் பழைய கருவியுடன் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதை மாற்றி வேகமான புதியதை வைத்த அன்றே தொடர்பு அறும். பழி புதிய கருவிமேல் விழும்.

பதில் சொல்பவர் பக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பெறும் அலகு நிறுத்த பிட்டின் நடுவிலேயே அதைச் சோதித்து ‘பைட் வந்துவிட்டது’ என்று அறிவிக்கிறது. அனுப்புபவரோ இன்னும் அரை பிட் நேரம், அதாவது 9600-இல் 52 மைக்ரோநொடி, கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்பவர் அந்த அரை பிட்டுக்குள் நுழைந்துவிட முடியும். பதிலுக்கு முன் சிறிது மௌனம் வேண்டும் என்பது இதனால்தான்.

4. மௌனத்தின் விலை

1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் இந்த மௌனத்தை எண்ணாக எழுதி வைத்தது. ஒரு மாஸ்டர் கேட்கும். 1 முதல் 247 வரை முகவரி கொண்ட ஸ்லேவ்களில் அழைக்கப்பட்டது மட்டும் பதில் சொல்லும். செய்திகளுக்கு இடையே குறைந்தது மூன்றரை எழுத்து நேரம் கம்பி அமைதியாக இருக்க வேண்டும். மோட்பஸ் ஓர் எழுத்தை, அதாவது ஒரு பைட்டை, 11 பிட்டாக எண்ணுவதால் 9600-இல் இது 4 மில்லிநொடி. 19,200-க்கு மேற்பட்ட வேகங்களுக்கு 1.75 மில்லிநொடி என்று நிலையாக வைத்துக்கொள்ளப் பரிந்துரை உண்டு.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துப் பதிவகங்களைப் படிக்கக் கேள்விக்கு 8 பைட், பதிலுக்கு 25 பைட். மொத்தம் 363 பிட். 9600-இல் இதற்கு 37.8 மில்லிநொடி ஆகும். இரு மௌனங்களையும், ஸ்லேவ் யோசிக்க 20 மில்லிநொடி என்று வைத்து அதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 66 மில்லிநொடி. முப்பது கருவிகளுக்கு இரண்டு நொடி. இப்போது வேகத்தைப் பன்னிரண்டு மடங்காக்கி 1,15,200-க்கு உயர்த்துவோம். தரவு 3.2 மில்லிநொடியில் முடிந்துவிடும். ஆனால் மௌனம் 1.75 மில்லிநொடிக்குக் கீழே குறையாததாலும் யோசனை அப்படியே நிற்பதாலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 மில்லிநொடி ஆகும். பன்னிரண்டு மடங்கு வேகத்துக்குக் கிடைத்த ஆதாயம் இரண்டரை மடங்கு. முப்பதில் ஒரு கருவி செத்துப்போய், அதற்காக மாஸ்டர் ஒரு நொடி காத்திருந்தால் இந்த ஆதாயமும் கரைந்துவிடும்.

வேகத்தை உயர்த்தக் கேட்டு வருபவர்களிடம் முதலில் ஸ்லேவின் யோசனை நேரத்தைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

5. யாரும் பேசாத நேரம்

ஒருவர் அடைத்து மற்றவர் திறக்கும் இடைவெளியில் கம்பியை யாரும் இயக்குவதில்லை. இரு முனைத் தடைகளும் சேர்ந்து 60 ஓமாகக் கம்பிகளை இணைப்பதால் வேறுபாடு சுழியத்துக்கு இறங்கும். 0.2 வோல்ட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் பெறும் சில்லு எதைச் சொன்னாலும் அது தவறில்லை. அது 0 என்று சொல்லிவிட்டால், மைக்ரோகண்ட்ரோலர் அதைத் தொடக்க பிட்டாக எண்ணி இல்லாத பைட் ஒன்றைப் படித்துவிடும். உண்மையான பதில் வரும்போது முகவரி ஓர் இடம் தள்ளி நிற்கும்.

இதற்கு மருந்து, ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கும் மற்றதைத் தரைக்கும் பயாஸ் தடைகளால் இழுத்துவைப்பது. 60 ஓமின் குறுக்கே 0.2 வோல்ட் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு தடையும் 720 ஓமுக்கு மேற்படக்கூடாது. கம்பி முழுவதற்கும் ஓரிடத்தில் மட்டும் இவை இருந்தால் போதும். ஒவ்வொரு கருவியிலும் பொருத்தினால் சுமை கூடிவிடும். சுழிய வேறுபாட்டையே 1 என்று படிக்கும் புதிய சில்லுகளில் இந்தத் தொல்லை குறைவு.

6. கைக்கொள்ளத்தக்க முன்மாதிரி

எஸ்டிஎம்32 வரிசையின் சில சில்லுகளில் ‘டிஇ’ காலை வன்பொருளே உயர்த்தித் தாழ்த்தும். எவ்வளவு முன்னும் பின்னும் என்பதையும் பதிவகத்தில் எழுதலாம். வாய்ப்புள்ளவர்கள் இதையே தேர்ந்தெடுக்கட்டும்.

அதைவிட என்னைக் கவர்ந்தது ரோபோக்களில் பயன்படும் டைனமிக்ஸல் ஏஎக்ஸ்-12 மோட்டார். அது ஒற்றைத் தரவுக் கம்பியில் அரை இருவழியில் பேசுவது. கேள்வி முடிந்து எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்வது என்பது அதில் ஒரு பதிவகமாகவே இருக்கிறது: ஓர் அலகு 2 மைக்ரோநொடி, தொடக்க மதிப்பு 250, ஆக 500 மைக்ரோநொடி. மடைமாறும் நேரத்தை ஊகத்துக்கு விடாமல் எண்ணாக அச்சிட்டு, பயன்படுத்துபவர் மாற்றிக்கொள்ளவும் இடம் தந்திருக்கிறார்கள்.

மீட்டரோ, உணரியோ, மோட்டார் இயக்கியோ, அரை இருவழியில் பேசும் எந்தக் கருவியைச் செய்பவரும் அதன் கையேட்டில் இரண்டு எண்களை அச்சிட வேண்டும்: கடைசி நிறுத்த பிட்டுக்குப் பிறகு எத்தனை மைக்ரோநொடியில் கம்பியை விடுகிறது, கேள்விக்குப் பிறகு குறைந்தது எத்தனை மைக்ரோநொடி கழித்துப் பதில் தொடங்குகிறது. இவை இல்லாத கருவியை வாங்குபவர்கள், கம்பியில் மாட்டும் முன் அலைக்காட்டியில் அளந்து, அந்த எண்களைக் கருவியின்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.