பட்டாணிச் செடியும் நம்ம கொழுந்தும்

அனிமேஷன் என்றதும் பெரிய ஸ்டூடியோ, விலை கூடின கொம்பியூட்டர் என்று தான் நாம யோசிக்கிறோம். இந்தியாவில் அந்த வித்தையின் ஆரம்பத்தைத் தேடிப் போனா, ஒரு சட்டியில நட்ட பட்டாணி விதையிடம் போய் நிற்போம்.

1912இல் லண்டன் போய் கமரா வாங்கி வந்த தாதாசாகேப் பால்கேவிடம் படமெடுக்கக் காசில்லை. அவர் பட்டாணி விதையை நட்டு, அது வளர வளர ஒவ்வொரு பிரேமாகப் பதிவு செய்தார். ஓட்டிக் காட்டியபோது, நாட்கணக்கில் வளர்ந்த செடி பார்த்திருக்கும்போதே முளைத்து எழும்பியது. பணம் போட ஆள் கிடைத்தார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. பிலிமில் துளை போடுவது, மருந்து கலந்து கழுவுவது எல்லாம் அவருடைய மனைவி சரஸ்வதிபாயும் சேர்ந்து செய்த வேலை. பால்கே பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அசையாத படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் கண் அதை அசைவாக எடுத்துக்கொள்ளும். சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியம் வேணும். அத்தனையிலும் பின்னணியைத் திரும்பத் திரும்ப வரைந்தால் கை தாங்குமா? 1914 வாக்கில் அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் இதற்கு வழி சொன்னார். பின்னணியை ஒரு தடவை வரை, அசைகிறதை மட்டும் கண்ணாடி மாதிரியான செலுலாயிட் தாளில் வரைந்து மேலே வை. இன்றைக்கு போட்டோஷொப்பிலும் ஜிம்ப்பிலும் நாம் 'லேயர்' என்று சொல்வது கிட்டத்தட்ட இதே யோசனை தான்.

அந்தத் தாள்களுக்கு மை இழுத்து வர்ணம் போட்டது யார்? டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' (1937) படத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். பட முடிவில் அவர்களின் பெயர் வராது. 1956இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கி, டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் பயிற்சி கொடுத்தார். சென்னையில் இரசாயனம் படித்த ராம் மோகன் அங்கே தான் தொழில் பழகினார்.

பிறகு கமராவே தேவையில்லாமல் போனது. 1987இல் கொம்பியூசேர்வ் நிறுவனம் ஜிஃப் கோப்பை வெளியிட்டது. 1989 பதிப்பில் ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேணும் என்று குறிக்க முடிந்தது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி அதை முடிவில்லாமல் சுழல வைத்தது. அதே காலத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது தான் ஜிம்ப். இன்றும் இலவசம்.

வேலை இவ்வளவு தான்: படங்களை லேயர்களாகத் திறக்கணும். அடியில் இருப்பது முதல் பிரேம். ஜிஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது 'அனிமேஷனாக' என்பதைத் தெரிவு செய்து, பிரேமுக்கு 100 மில்லிசெக்கன் கொடுங்க. செக்கனுக்குப் பத்துப் படம் ஓடும்.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்றேன்? ஊவாத் தோட்டத்து மக்களை உலகம் அசையாத படமாகத் தான் பார்த்திருக்கு. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையை வாங்கினார். அவருடைய பழைய விளம்பரங்களில் கூடையோடு ஒரு தமிழ்ப் பெண் நிற்பார். பெயர் இல்லை. காலனிய கால போஸ்ட்கார்டுகளிலும் அப்படியே. இன்றைய தேயிலைப் பெட்டியிலும் அதே சிரிப்பு. அந்தப் படத்தில் இல்லாதது நேரம். காலைப் பிரட்டு இல்லை, மலையேறுவது இல்லை, நிரை முடிப்பது இல்லை, கிலோ குறைஞ்சா விழுகிற அரைப்பேரும் இல்லை.

பிரேம் பிரேமாகச் செய்கிற அனிமேஷன் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும். பறித்த செடியில் மறுபடி கொழுந்து வர ஒரு வாரமாவது போகும். ஒரே இடத்தில் நின்று தினமும் போனில் ஒரு படம் எடுத்தா, பால்கேயின் பட்டாணி நம்ம மலையில் முளைக்கும். அடுத்து, ஒரு கை கொழுந்து கிள்ளிக் கூடைக்குப் போடுவதைப் பன்னிரண்டு படமாக வரைந்து பாருங்க. ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூட ஓடும். அந்தக் கை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அதைச் செய்யுது என்று வரைகிறவருக்குத் தான் முதலில் விளங்கும். முடிவில் ஒரு பிரேம் கூடுதலாகச் சேர்த்து, அவரிடம் கேட்டு, அவருடைய பெயரைப் போடுங்க. அரைப்பேர் இல்லை, முழுப்பேர்.