எலும்பு சிறுத்ததா, கடா குறைந்ததா?

பலுசிஸ்தானத்தில் போலன் கணவாயின் அடிவாரத்திலுள்ள மெஹர்கரில், ழான்-பிரான்சுவா ஜாரிஜ் தலைமையில் 1974 முதல் அகழாய்வு நடைபெற்றது. அங்குக் கிடைத்த விலங்கெலும்புகளை ரிச்சர்ட் மெடோ ஆராய்ந்தார். அடியடுக்குகளில் காட்டு விலங்குகளின் எலும்புகள் மிகுதியாக இருந்தன. மேலடுக்குகளுக்கு வரவர மாடும் ஆடும் பெருகின. அவற்றின் எலும்புகளோ சிறுத்துக்கொண்டே வந்தன. உடல் சிறுத்தல் வளர்ப்பின் அடையாளம் என்பது அன்றைய பொதுக்கருத்து. திமில் மாடு இத்துணைக்கண்டத்திலேயே பழக்கப்பட்டது என்ற முடிவுக்கு அது ஒரு தூணாயிற்று. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அம்முடிவையே தாங்கின. ஆகவே முடிவுக்குக் கேடில்லை. ஆராய வேண்டியது அந்தத் தூணைத்தான்.

மேற்கு ஈரானின் மலைத்தொடரிலுள்ள கஞ்ச் தாரே என்ற ஊரின் ஆட்டெலும்புகளைப் பற்றி 2000ஆம் ஆண்டில் மெலிண்டா சீடரும் பிரையன் ஹெஸ்ஸும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அத்தூணை அசைத்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஆடுகள் காட்டாடுகளைவிடச் சிறியவை அல்ல. ஆயினும் அவை மந்தையாக வளர்க்கப்பட்டவை. கடாக்களுள் பெரும்பாலானவை இளமையிலேயே அறுக்கப்பட்டிருந்தன. பெட்டைகள் ஈன்று முதிரும்வரை விடப்பட்டிருந்தன. வேட்டைக்காரன் அவ்வாறு தேர்ந்து கொல்வதில்லை. இறைச்சிப் பயன் மிகுந்த பெருங்கடாவையே அவன் நாடுவான்.

பழைய பிழை அளக்கும் வழக்கத்திலேயே ஒளிந்திருந்தது. இளம் விலங்கின் கால் எலும்பில் முனை தண்டோடு இன்னும் ஒட்டியிருக்காது. வளர்ச்சி முடியவில்லை என்று அதனை அளக்காமல் ஒதுக்கிவிடுவர். இளங்கடாக்களின் எலும்பு அப்படியே கணக்கினின்று நழுவிவிடும். எஞ்சி அளக்கப்படுபவை பெரும்பாலும் பெட்டைகளே. ஆட்டில் பெட்டை கடாவினும் சிறிது. எனவே சராசரி தாழும். விலங்கு சிறுக்கவே இல்லை. அளவுகோலுக்கு வந்த பாலின விகிதம்தான் மாறியது. சீடரும் ஹெஸ்ஸும் ஒட்டாத எலும்புகளையும் சேர்த்தே அளந்தனர். பாலினம் தெரிந்த இக்கால ஆடுகளின் எலும்புக்கூடுகளைச் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் சீடர் அளந்தபோதும், உடலளவைப் பெரிதும் மாற்றுவது பாலினமே என்று தெரிந்தது.

இக்கணக்கை இந்திய மாட்டுக்குப் பொருத்தும்போது சிக்கல் ஒருபடி கூடும். குளம்புக்கு மேலுள்ள முன்னங்கால் எலும்பு பசுவில் ஒடுங்கியும் காளையில் அகன்றும் இருக்கும். வரைபடத்தில் இரு திரள்கள் தோன்ற வேண்டும். ஆனால் காயடித்த எருதில் முனை ஒட்டுவது தாமதமாகும்; எலும்பு நீண்டு வளர்ந்து, இரு திரள்களுக்கும் நடுவே வந்து நிற்கும். காளிபங்கனில் உழுத நிலமே கிடைத்திருக்கிறது. வண்டிப் பொம்மைகள் அரப்பா நகர்களில் ஏராளம். அந்நாகரிகத்தின் எலும்புக் குவியலில் எருதை எண்ணாமல் விட இயலாது. இளமையிலேயே சிதைந்த எருமை எலும்பும் பசுவெலும்போடு கலந்துவிடக்கூடும். இனவேறுபாடு அதனினும் பெரிது: ஓங்கோல் பசுவின் கால் எலும்புக்கு முன் மலநாடு கிட்டாக் காளையின் எலும்பு கன்றினுடையதுபோல் தோன்றும்.