வன்னியில் பெண் கல்வியும் பஸ் வண்டியும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கல்வி வரலாற்றை எழுதியோர் பாடசாலைகள் தொடங்கிய ஆண்டுகளையும் அதிபர்களின் பெயர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பதிந்து வைத்துள்ளனர். பிள்ளைகள் எப்படி வந்து போனார்கள் என்பது பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. பெண் பிள்ளைகள் பலரது படிப்பு எந்த வகுப்போடு நிற்கும் என்பதைத் தீர்மானித்தது அதுதான்.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, தூரம் நீங்கவில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களை நம்பி எழுந்த குடியேற்றங்களில் வீடுகள் வாய்க்கால்களை ஒட்டி, பிரதான வீதியைவிட்டு உள்ளே அமைந்தன. ஊரில் ஆரம்பப் பாடசாலை இருக்கும். உயர்தரத்துக்கு, அதிலும் விஞ்ஞானப் பிரிவுக்கு, நகரத்துக்கு வர வேண்டும். ஆண் பிள்ளை சைக்கிளில் போவான். யானை நடமாடும் காட்டு வீதியில் பெண் பிள்ளையைத் தனியே விடப் பெற்றோர் துணியவில்லை. காலையில் ஒரு பஸ்ஸும் இருட்டுமுன் திரும்ப ஒரு பஸ்ஸும் இருந்தால்தான் அவளுக்குப் படிப்பு. கடைசி பஸ் முந்திப் போனால் விளையாட்டுப் பயிற்சியும் மாலை வகுப்பும் இல்லை.

1958 ஜனவரி 1 இல் பஸ் சேவை தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மாணவர் பருவச்சீட்டு ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய உதவி. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தபின், அந்தச் சீட்டு அரச பஸ்ஸில் மட்டுமே செல்லுபடியானது. அந்த பஸ் வராத நாளில் கையில் சீட்டிருந்தும் காத்து நிற்க வேண்டியிருந்தது.

1990 இல் யாழ்தேவி வன்னிக்கு வருவது நின்றது. எரிபொருள் தடையால் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெண் பிள்ளைகளும் சைக்கிளேறி, குண்டும் குழியுமான வீதிகளில் மைல் கணக்காக மிதித்தார்கள். இடம்பெயர்ந்து மரநிழலில் நடந்த வகுப்புகளுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

ஏ-9 வீதி 2002 இல் திறந்தது, 2006 இல் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. வீதிகள் காப்பெற் ஆகின. ஆனாலும் தூர இடத்து பஸ்கள் சந்தியில் நிற்கும் வெள்ளைச் சீருடையைக் கண்டும் காணாமல் போவதாக முறைப்பாடு ஓயவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே ஓடும் 'சிசு சரிய' பஸ் எல்லாக் கிராமத்துக்கும் எட்டவில்லை. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்குப் போகும் வீதிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அவற்றின் கிளை வழிகளில் ஒரு பஸ் தவறினால் அன்றைய பாடமும் தவறும். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்டபோது நாடு முழுவதும் இதை உணர்ந்தது.

பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கும் இதே கதைதான். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகம் நகருக்கு வெளியே பம்பைமடுவில் இருக்கிறது. நகரத்தில் அறை எடுத்துத் தங்கும் மாணவி மன்னார் வீதி பஸ்ஸைப் பார்த்தே விரிவுரைக்குப் புறப்பட வேண்டும்.

நூற்றாண்டு காணும் இவ்வேளையில் கட்டடமும் கணினியும் கொடுக்க உலகெங்கும் பழைய மாணவிகள் முன்வருகிறார்கள், நன்றி. அதோடு, இன்று எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் பஸ் இல்லாமல் வரவு குறைகிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, பட்டியலாக்கி, போக்குவரத்து அதிகாரிகள் முன் வைப்பதையும் எமது சங்கம் தன் வேலையாக எடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றுபோன எங்கள் தோழியரின் பெயர்கள் இம்மலரில் இல்லை. அவர்களின் பேத்திகளாவது உயர்தரம் வரை வரட்டும்.