நிக்கோடினை விட்ட முதல் மூன்று நாள்: உடம்பில் என்ன நடக்கிறது, ஓடினால் ஆசை அடங்குமா?

சிகரெட்டையோ வேப்பையோ விடுகிறேன் என்று திங்கட்கிழமை முடிவெடுத்து, வியாழக்கிழமை திரும்பவும் பிடித்துவிடுபவர்கள் ஏராளம். "உனக்கு மன உறுதி கிடையாது" என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நிக்கோடின் நின்ற பிறகு உடம்பு படும் பாடு உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான். இது தெரியாதவர்கள், "இனிமே வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் போல" என்று நினைத்து அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கூலிமில் ஷிப்ட் வேலை செய்பவராக இருக்கலாம், சுங்கைப் பட்டாணியில் வாரம் இரண்டு நாள் ஃபுட்சால் ஆடுபவராக இருக்கலாம், கோலா கெடாவில் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், என்ன வரும், எப்போது வரும், எப்போது போகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்?

மலேசியாவில் பழக்கத்தின் முகம் மாறிவிட்டது. தேசிய சுகாதார ஆய்வின்படி, 2017-இல் பதின்ம வயது மாணவர்களில் 13.8 விழுக்காட்டினர் சிகரெட் பிடித்தார்கள். 2022-இல் அது 6.2 விழுக்காடாகக் குறைந்தது. இதே காலத்தில் வேப் பிடிப்பவர்கள் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தார்கள். புகை குறைந்தது, நிக்கோடின் குறையவில்லை.

2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் 852-ஆவது சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு சிகரெட், வேப் இரண்டையுமே விற்கக் கூடாது என்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்க 2019 தொடக்கத்திலிருந்தே தடை. சட்டம் கடைக்காரரையும் இடத்தையும் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே பழகிவிட்ட உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

நிக்கோடின் என்ன செய்கிறது?

ஓர் இழுப்பு இழுத்தால், 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். அங்கே டோபமைன் சுரக்கும். ஒரு சின்ன நிம்மதி கிடைக்கும். ஆனால் இரத்தத்தில் இருக்கும் நிக்கோடினில் பாதி, சுமார் 2 மணி நேரத்தில் காலியாகிவிடும். உடனே ஒரு குறை தெரியும், எரிச்சல் வரும். அடுத்த இழுப்பு அந்த எரிச்சலை அடக்கும். "டென்ஷனா இருக்கு, ஒண்ணு இழுத்தா சரியாயிடும்" என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த டென்ஷனில் ஒரு பகுதி, முந்தைய இழுப்பு விட்டுச் சென்றது.

தொடர்ந்து நிக்கோடின் கிடைக்கும்போது, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் கூடிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் பட்டினி கிடக்கும். விட்டவர் படும் அவஸ்தை அதுதான். மூளை பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் வேண்டும்.

எந்த நாளில் என்ன வரும்?

முதல் நாள்: கடைசி இழுப்புக்குப் பிறகு 4 முதல் 24 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும். கை சும்மா இருக்காது. கவனம் சிதறும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: இதுதான் உச்சம். எரிச்சல், கோபம், பதற்றம், தூக்கமின்மை, தலைவலி, அடங்காப் பசி எல்லாம் சேர்ந்து வரலாம். முடிந்தால் இந்த இரண்டு நாளும் இரவு ஷிப்ட், பரீட்சை, கல்யாண விருந்து இல்லாதபடி, விடும் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வாரம்: சிலருக்கு இருமல் கூடும், வாய்ப்புண் வரும், மலச்சிக்கல் வரும். இவை தானாகவே சரியாகும்.

இரண்டு முதல் நான்கு வாரம்: பெரும்பாலான அறிகுறிகள் இறங்கிவிடும். பசி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும்.

அதற்குப் பிறகும் ஆசை எப்போதாவது எட்டிப் பார்க்கும். மாமாக் கடையில் நண்பர்களோடு உட்காரும்போது, சாப்பாடு முடிந்ததும், பந்து பார்க்கும்போது வரும். இது பழக்கத்தின் ஞாபகம். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி.

ஓடினால் ஆசை அடங்குமா?

அந்த நேரத்துக்கு, அடங்கும். பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே நிக்கோடின் ஆசையும் எரிச்சலும் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேக நடையில் பத்து நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தாமானைச் சுற்றி வந்தால் போதும், ஜிம் தேவையில்லை.

ஆனால் உடற்பயிற்சி மட்டுமே நிரந்தரமாக விட வைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், உடற்பயிற்சியைச் சேர்த்ததால் ஆறு மாதத்துக்கு மேல் விட்டிருப்பவர்களின் எண்ணிக்கை கூடியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் நடையையும் ஓட்டத்தையும் ஆசை எழும் நேரத்துக்கான கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தும் ஆலோசனையும் அதோடு சேர வேண்டும்.

பயிற்சியை ஆசை வரும் நேரத்தோடு பொருத்துவது நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் கை தேடும் என்றால், தட்டைக் கழுவிவிட்டு உடனே நடக்கக் கிளம்புங்கள். வேலை இடைவேளையில் வரும் என்றால், மாடிப்படி ஏறி இறங்குங்கள். வெயிலில் ஓடுவதைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ ஓடுங்கள். வார இறுதியில் குனோங் ஜெராய் ஏற வேண்டும் என்று ஆசையிருந்தால், முதல் வாரத்தில் வேண்டாம். அது 1,217 மீட்டர். தூக்கமில்லாத உடம்போடு ஏறுவதைவிட, ஒரு மாதம் கழித்துப் போனால் மூச்சே வித்தியாசம் சொல்லும்.

விளையாடுபவர்கள் கவனிக்க வேண்டியது

சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது தசைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. சிகரெட்டை விட்ட ஓரிரு நாளில் இது வெளியேறிவிடும். 2 முதல் 12 வாரத்தில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் மேம்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓராண்டில், மாரடைப்பு போன்ற இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

வேப்பில் எரியும் புகையிலை இல்லை; அதனால் கார்பன் மோனாக்சைடு பிரச்சினை சிகரெட் அளவுக்கு இல்லை. ஆனால் நிக்கோடின் அதே நிக்கோடின்தான். இதயத் துடிப்பைக் கூட்டும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும். உதட்டுக்கடியில் வைக்கும் நிக்கோடின் பவுச்சும் அப்படியே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2012 முதல் நிக்கோடினைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது; தடை செய்யவில்லை. தடை இல்லை என்பதால் அடிமைப்படுத்தாது என்று அர்த்தமில்லை.

கோப்பியைக் கொஞ்சம் குறைங்க

இதைப் பலர் கவனிப்பதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், காஃபீனை கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமாகக் குடிக்கும் அதே மூன்று கோப்பி, இப்போது உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, கோப்பியின் வேலையாக இருக்கலாம். முதல் வாரத்தில் கோப்பி, தே தாரேக், எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். வேப் மட்டும் பிடித்தவர்களுக்கு இந்த மாற்றம் பொருந்தாது.

வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், குறிப்பாக இன்சுலின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல மருந்தான குளோசபின் எடுப்பவர்கள், புகையை விடப்போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்ற வேண்டி வரலாம்.

எடை கூடுமா? பலருக்குக் கூடும். முதல் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. அதற்குப் பயந்து விடாமல் இருக்காதீர்கள். புகையின் கேடு அதைவிடப் பல மடங்கு பெரியது. அதே நேரம், பசியைப் பட்டினி போட்டு அடக்கினால் நிக்கோடின் ஆசையும் கூடும். கொய்யா, வேர்க்கடலை மாதிரி மெல்லும் பொருளைக் கையில் வைத்திருங்கள்.

மருந்து உதவுமா?

உதவும். நிக்கோடின் பேட்ச், நிக்கோடின் சூயிங்கம் இரண்டும், எதுவும் இல்லாமல் விட முயல்வதைவிட வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. தூங்கி எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவர்களுக்கு வழக்கமாக 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம்.

சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும்; காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பு கோப்பி, ஜூஸ், கேஸ் பானம் எதுவும் வேண்டாம். புளிப்புத்தன்மை இருந்தால் நிக்கோடின் சரியாக உள்ளே போகாது.

பேட்ச் ஒட்டிக்கொண்டு பந்து விளையாடலாமா? ஆடலாம், ஆனால் கவனம். உடம்பு சூடாகும்போது தோலில் இரத்த ஓட்டம் கூடி, பேட்ச்சிலிருந்து நிக்கோடின் கூடுதலாக இறங்கும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிறுத்தி உட்காருங்கள். வியர்வையில் கழன்று போகாமலிருக்க, குளித்துத் துடைத்த பிறகு, முடியில்லாத மேற்கையில் ஒட்டுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள்.

அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் புகைபிடிப்பதை நிறுத்த உதவும் தனிப் பிரிவு உண்டு. சுகாதார அமைச்சின் 'ஜோம்குவிட்' சேவை மூலமாகவும் உங்கள் ஊர் கிளினிக்கைத் தேடலாம். 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் தாங்களாக மருந்து வாங்காமல் டாக்டரைப் பார்ப்பது அவசியம். நெஞ்சுவலி வந்தாலும், மனச்சோர்வு ஆழமாகி வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலும், தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

தனியாக விட வேண்டுமா?

கெடா தோட்டங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' உருவானது. தோட்டத் தமிழ் இளைஞர்கள் சீருடை போட்டு, அணிவகுத்துப் பயிற்சி செய்து, கள்ளுக்கு எதிராக வேலை செய்தார்கள். கள்ளுக்கடைகள் முன் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸோடு மோதல் நடந்து உயிரும் போனது.

கள்ளும் நிக்கோடினும் ஒன்றல்ல. அது தொழிலாளர் உரிமையோடு பின்னிய அரசியல் போராட்டமும்கூட. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வேலை முடிந்து கள்ளுக்கடைக்குப் போகும் நேரத்தில் போவதற்கு வேறோர் இடமும், கூட நிற்க வேறொரு கூட்டமும் அவர்களுக்கு இருந்தன.

உங்களுக்கும் அது வேண்டும். ஒரு நண்பரிடமாவது தேதியைச் சொல்லுங்கள். "மச்சான், ஒண்ணு மட்டும் இழுடா" என்று கூப்பிடும் கூட்டத்தோடு முதல் மூன்று வாரம் கடையில் உட்காராமல், அவர்களையே திடலுக்குக் கூப்பிடுங்கள்.

சறுக்கினால்?

பலரும் முதல் முயற்சியிலேயே முழுமையாக விட்டுவிடுவதில்லை. ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, என்ன மனநிலையில் இழுத்தீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

ஒரு பாக்கெட் 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவர் ஓராண்டில் 6,205 ரிங்கிட் செலவழிக்கிறார். மூன்றாம் நாள் இரவு ஆசை எழும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வராமல் போகலாம். ஷூவைக் கண்ணில் படும்படி வாசலிலேயே வைத்திருங்கள். எடுத்து மாட்டி, தாமானைச் சுற்றி வருவதற்குள் அந்த ஆசை இறங்கிவிடும்.